நிறுத்தியது யார்

இன்றைக்குச் சாம்பாரில் பொடி போடவில்லை. இது செல்லக்கனிக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்கும், சுவரில் தொங்குகிற சாமிகளுக்கும். சாமிகளுக்கு நிஜமாகவே தெரியுமா என்பதில் கொஞ்ச நாளாக அவளுக்குச் சந்தேகம் இருந்தது. மடியில் சுளகை வைத்து, ஈர இலையை எடுத்து, தூளை அள்ளிப் பரப்பி, உருட்டி, தலையை மடக்கி, நூலைச் சுற்றி இறுக்கி, முடிந்த பீடியைச் சுளகின் ஓரத்தில் போட்டாள். கை தன்பாட்டுக்கு ஓடியது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி இந்தச் சுளகுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து கைக்கு ஓயாத வேலை, மனசுக்குத்தான் வேலை இல்லை, அது தானாக எதையாவது பிடித்துவைத்துக்கொண்டு குடையும். இன்றைக்கு அது பிடித்தது மத்தியானச் சாப்பாட்டை. முருங்கைக்காய் சாம்பார் என்றால் புருஷன் சுயம்புலிங்கத்துக்கு உயிர். பங்குனிக்குப் பிறகு இந்த வீட்டில் சாம்பாரே வைக்கவில்லை. பாகற்காய்க் குழம்பு, வெந்தயக் குழம்பு, சுண்டைக்காய் வத்தக்குழம்பு என்று கசப்புக்கு மேல் கசப்பாக வைத்து, அந்தக் கசப்புக்குள் பொடியின் கசப்பை ஒளித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பாகற்காயைக் கண்டாலே தட்டைத் தள்ளிவிடுகிற மனுஷன், இத்தனை மாதமும் வாயைத் திறக்காமல் தின்றார். இன்றைக்குச் சாம்பாரைப் பார்த்ததும் என்ன அதிசயம் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. காயைச் சவைத்துச் சக்கையைத் தட்டோரம் அடுக்கினார். இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். வாங்கும்போது தலையைத் தூக்கி அவள் முகத்தை ஒருமாதிரிப் பார்த்தாரே, அது என்ன பார்வை? ருசியாயிருக்கிறது என்ற பார்வையா, என்னமோ பண்ணுகிறாய் என்ற பார்வையா? "சாயங்காலம் ஜெபத்துக்குச் சபையில இருந்து வாராவள்லா, வெள்ளன வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். தெருமுனையில் திரும்பும்போது ஒருதரம் திரும்பிப் பார்த்தார். அப்படிப் பார்க்கிற ஆளில்லை அவர்.

சுயம்புலிங்கத்துக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகின செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கி எடுத்துக் கொடுப்பார். வாழைத் தோட்டக்காரர்கள் எங்கெங்கிருந்தோ தேடி வருவார்கள். அந்த வார்னிஷ்தான் செல்லக்கனிக்குச் சென்ம விரோதி. சட்டையில் அடிக்கிறது வார்னிஷா, மற்றதா என்று பிடிபடாது. கல்யாணமான புதிதில் மற்றதையே வார்னிஷ் என்று நம்பிக்கொண்டிருந்தாள். பிறகு வார்னிஷையும் மற்றது என்று நினைத்துச் சண்டை போட்டாள். சாயங்காலம் அவர் படியேறினால் கையிலிருக்கும் பையை வாங்குகிற சாக்கில் நெருங்கிப்போய் மூச்சை இழுப்பாள். பங்குனியில் அவர் குடியை நிறுத்திவிட்டார். சொல்லிவிட்டு நிறுத்தவில்லை, சத்தியமும் பண்ணவில்லை. ஒருநாள் சும்மா வந்தார், மறுநாளும் சும்மா வந்தார். நாலு நாள் நாடகம் என்றுதான் நினைத்தாள். இப்போது ஐப்பசி. இன்றுவரைக்கும் பையை வாங்குகிற சாக்கில் மூச்சை இழுக்கிறாள். நின்றது நிற்கட்டும். நிறுத்தினது யார்? அது தெரியாமல் சோறு இறங்கவில்லை. தெரிந்தவர்களுக்குக் குறைச்சலும் இல்லை. அவருடைய அக்கா எஸ்தர் மைனி, ஒருகாலத்தில் இசக்கியம்மாள், சபையில் மைக்கைப் பிடித்து, "எங்க தம்பிய கட்டியிருந்த சங்கிலிய கர்த்தர் அறுத்துப் போட்டாரு" என்று சாட்சி சொன்னாள். கேட்டவர்கள் எல்லாரும் அழுதார்கள், செல்லக்கனியும் அழுதாள், அழுதுகொண்டே எல்லாரும் நிஜமாக அழுகிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். ஆனால் அதே பங்குனியில்தான் முத்தாரம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் அவள் தீச்சட்டி எடுத்தது. சாமியாடின ஆறுமுகநயினார் திருநீற்றை அவள் வாயில் போட்டு, "ஒம் புருசன் வாய நான் கட்டிட்டேன், போ" என்று சொன்னது ஊரே கேட்டது. அதே பங்குனியில்தான் பக்கத்து வீட்டு மைதீன்பீவி அக்கா அவளை ஒரு வியாழக்கிழமை தர்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனதும், லெப்பை ஓதி மணிக்கட்டில் பச்சை நூலைக் கட்டிவிட்டதும். அதே பங்குனியில்தான் தென்காசிக்குப் போகிற வழியில் ஒரு நாட்டு வைத்தியரிடம் போய் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள் அந்தப் பொடியை. ஒரே மாதத்தில் ஒரு வாசலையும் விடவில்லை. விட முடியாத மாதம் அது. மகள் புஷ்பம் கோயம்புத்தூரிலிருந்து ஃபோன் பண்ணி, உண்டாகியிருக்கிறேன் அம்மா என்று சொன்ன அதே வாயால், "அப்பா குடிக்கிற வீட்டுல வந்து நான் பிள்ள பெத்துக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

இப்போது வளைகாப்பு முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ரயிலுக்குப் புஷ்பம் வருகிறாள். அப்பா நிறுத்திவிட்டார் என்று அம்மா சொன்னதை நம்பி வருகிறாள். செல்லக்கனிதான் நம்பவில்லை. யார் கொடுத்தது என்று தெரிந்தால் அவர் காலைப் பிடித்துக்கொண்டு கிடக்கலாம். தெரியாததினால் எல்லார் காலையும் பிடிக்க வேண்டியிருக்கிறது. எல்லார் காலையும் பிடிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கொடுக்கிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் கொடுக்கிறார்கள். வீட்டில் ஒரு படம் தொங்கினாலும் கர்த்தர் வாசலுக்கு வெளியிலேயே நிற்பார் என்கிறாள் மைனி. என் வாசலை விட்டு வேறு வாசல் மிதித்தால் கொடுத்ததைத் திருப்பி எடுப்பேன் என்று சொல்லியிருக்கிறாள் அம்மன், அதுவும் ஆறுமுகநயினார் வாயால். ஆறுமுகநயினார் சாதாரண நாளில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர், பருப்பில் கல் கலக்கிறவர், அந்த வாயில் வந்த வார்த்தையை எவ்வளவுக்கு நம்புவது? நூலை அறுக்கக் கூடாது, தானாக இற்று விழ வேண்டும் என்றார் லெப்பை. வைத்தியர் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கடுமை: "திங்கிற ஆளுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சுட்டுதுன்னா மருந்து வெறும் மண்ணு." எல்லா சக்தியும் உள்ளவருக்கு எதற்கு இத்தனை நிபந்தனை என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த உடனே பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்ட பிறகுதான், கன்னத்தில் போடுவது விக்கிரகக்காரர்கள் பழக்கம், ஜெபம் கேட்கப்படாது என்று மைனி சொன்னது ஞாபகம் வந்தது. கையைச் சட்டென்று கீழே இறக்கி, இலையை எடுத்தாள். இலை கிழிந்துவிட்டது. இன்றைக்கு எத்தனை இலை கிழிந்தது என்று ஏஜெண்டு கேட்பான்.

பொடியை ஒருநாள் நிறுத்திப் பார்க்கிற யோசனை அவருடையதுதான், அவருக்கே தெரியாமல் அவரிடமிருந்து எடுத்தது. மோட்டாரில் கோளாறு என்றால் அவர் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடுங்க மாட்டார். ஒரு கம்பியைக் கழற்றுவார், ஓட்டிப் பார்ப்பார். திருப்பி மாட்டிவிட்டு இன்னொன்றைக் கழற்றுவார். "ஒவ்வொண்ணா கழத்திப் பாத்தாத்தான்ட்டி எதுல ஓடுதுன்னு தெரியும்." இன்று சாயங்காலம் சபையார் வந்து வீட்டுக்காக ஜெபம் பண்ணப்போகிறார்கள். அதற்குள் படங்களை எடுத்துவிட வேண்டும் என்பது உத்தரவு. அவரும் சரி என்று தலையாட்டிவிட்டார். அவர் எதற்குத்தான் தலையாட்டவில்லை, கொடைக்கும் ஆட்டினார். படங்கள் போய், அதற்குப் பிறகு அவர் குடித்துவிட்டு வந்தால் அம்மன் கோபம் என்று நினைப்பதா, பொடி வேலை செய்யவில்லை என்று நினைப்பதா? அதனால் படம் இறங்குவதற்கு முன்னால் பொடியை நிறுத்திப் பார்க்க வேண்டும். காலையில் முருங்கைக்காயை நறுக்கும்போது இது அவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. அவர் தெருமுனையில் திரும்பிப் பார்த்துவிட்டுப் போன பிறகுதான் கணக்கு தப்பாகப் பட்டது. புஷ்பம் வருகிற வாரம் பார்த்தா கம்பியைக் கழற்றுவது? ஓடாமல் நின்றுவிட்டால்? திருப்பி மாட்டினால் ஓடுமா? மனுஷன் மோட்டாரா? அடுப்படியில் மஞ்சள் டப்பாவுக்குப் பின்னால் பழைய பெருங்காய டப்பா இருந்தது. அதற்குள்தான் பொடி. இங்கிருந்தே அது தன்னைப் பார்ப்பதுபோல் இருந்தது.

ஃபோன் அடித்தது. அவர் என்று பாய்ந்து எடுத்தால் எஸ்தர் மைனி. "ஏட்டி கனி, எடுத்துட்டியா?" "எடுக்கணும் மைனி, பீடி கெடக்கு." "பீடி எங்கட்டி ஓடிப் போவுது? பாஸ்டர் கெளம்பப் போறாரு. வந்து நிக்கும்போது சுவத்துல ஒண்ணும் இருக்கப்படாது. நம்ம கையால நம்மளே எடுக்கணும். அவரு வந்து எடுத்தா களவு எடுத்த மாதிரில்லா இருக்கும்." "நம்ம எடுத்தா களவு இல்லையா மைனி?" "ஒனக்கு வாய்க்கு மட்டும் ஒண்ணும் கொறச்சல் இல்ல. ஞானஸ்நானத்துக்கு அந்த வாயத்தான் மொதல்ல முக்கச் சொல்லணும். கையில கெடக்க நூலு?" "அது தானா விழணுமாம்." "தானா விழுந்தா நான் எதுக்கு ஃபோன் போடுதேன்? சரி, தம்பி வந்துட்டானா?" "வெள்ளன வாரேன்னாவ. இன்னும் காணல. ஃபோன் போட்டேன், எடுக்கல." மைனி குரல் சட்டென்று இறங்கிப்போய், வேறு யாரோ பேசுவதுபோல், "இன்னொரு தடவ போட்டுப் பாரு. நான் ஜெபம் பண்ணுதேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். செல்லக்கனி ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். கர்த்தர் சங்கிலியை அறுத்துவிட்டார் என்று மைக்கில் சொன்னவளுக்கு இப்போது ஏன் குரல் இறங்கியது? அறுத்தது அறுத்ததுதானே? அவளும் சந்தேகப்படுகிறாளா? சாட்சி சொன்ன மைனியின் நெஞ்சுக்குள்ளும் இப்படி ஒரு பெருங்காய டப்பா இருக்கிறதா? அப்படி நினைத்ததில் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்தது பயமாகவும் இருந்தது. மைனிக்கே நிச்சயமில்லை என்றால் தனக்கு யார் இருக்கிறார்கள்?

எழுந்து ஸ்டூலைப் போட்டாள். முதலில் லட்சுமி, அவள் லேசு, பாத்திரக்கடைக் காலண்டரில் வெட்டிச் சட்டம் போட்டது. அடுத்தது திருச்செந்தூர் முருகன். அவர் பின்னால் இருந்த பல்லி ஓட இடம் தெரியாமல் அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றது. கடைசியாக முத்தாரம்மன். கழற்றும்போது கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது, அம்மன் முகத்துக்கு மேலேயே. பார்க்காதமாதிரி திருப்பிக்கொண்டாள். படங்கள் இருந்த இடம் மட்டும் சுண்ணாம்பு அடித்த அன்றைக்கு இருந்த நீலமாக இருந்தது. மற்ற சுவரெல்லாம் புகையும் எண்ணெயும் ஏறி நிறம் மாறிக் கிடந்தது. எடுத்த பிறகுதான் அங்கே மூன்று பேர் நின்றுகொண்டிருந்தது நன்றாகத் தெரிந்தது. நடுவில் ஆணிகள். ஆணியைப் பிடுங்கச் சொல்லவில்லை மைனி. சொல்லாததைச் செய்ய வேண்டியதில்லை. ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் பழைய சேலையைச் சுற்றிப் படங்களை வைத்தாள். அம்மனைக் குப்புற வைப்பதா நிமிர்த்தி வைப்பதா என்று ஒரு குழப்பம். நிமிர்த்தி வைத்தால் போகிற வழியைப் பார்த்துக்கொண்டே வருவாள். குப்புற வைத்தால் மூச்சுமுட்டும். ஒருக்களித்து வைத்தாள்.

பழைய சாமிப் படங்களைக் குப்பையில் போட யாருக்கும் கை வராது. வாய்க்கால் பாலத்துப் பக்கம் அரசமரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்துவிடுவார்கள். மரத்தைச் சுற்றி ஒரு பெரிய சாமிக்கூட்டமே சாய்ந்து உட்கார்ந்திருந்தது. கண்ணாடி உடைந்த சரஸ்வதி, மூக்குப்போன மண் பிள்ளையார், மழையில் ஊறிக் கால் மட்டும் மிச்சமிருந்த ஒரு கிருஷ்ணன். நடுவில் ஒரு மாதா படம், குழந்தையோடு. இவளைக் கொண்டுவந்து வைத்தது யார்? மாதாவை விட்டுவிட்டு எங்கே போனார்கள்? போன இடத்தில் கிடைத்ததா? ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு நீலக் கட்டம் இருக்கிறது, அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். கிடைத்திருந்தால் மறுபடி வந்து இவர்களை எடுத்துக்கொண்டு போயிருப்பாளா, கிடைக்காமல் போயிருந்தால் எடுத்துக்கொண்டு போயிருப்பாளா? எப்படிப் பார்த்தாலும் யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. பையைத் தரையில் வைக்கக் குனிந்தாள், வைக்காமல் நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். "என்ன கனி, சாமிகள பைக்குள்ள போட்டுக் காத்து வாங்கக் கூட்டிட்டு வந்தியா?" மைதீன்பீவி அக்கா, பீடிக் கடையில் கட்டுகளைக் கொடுத்துவிட்டு வெறும் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். "பேசாம இருங்கக்கா. வைக்க மனசு வரல." "வராட்டி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. மானம் கறுத்துட்டு வருது, நனஞ்சிரும்." "நனஞ்சா ஒங்களுக்கு என்னக்கா? ஒங்களுக்கு இதுல நம்பிக்கை இல்லல்லா." "எனக்கு இல்ல தாயி. ஒனக்கு இருக்குல்லா. பையக் கீழ வைக்க மாட்டங்கியே." செல்லக்கனிக்கு எப்படியோ வாயில் வந்துவிட்டது: "அக்கா, நெசத்தச் சொல்லுங்க. அவிய நிறுத்துனது இந்த நூலாலதான்னு நெனைக்கியளா?" அக்கா முக்காட்டைச் சரிபண்ணிக்கொண்டு சிரித்தாள். "எங்க வீட்டுக்காரரு பீடி குடிக்கத விடணும்னு இதே லெப்பைட்டதான் இதே நூலக் கட்டுனேன். நூலு இத்து விழுந்துட்டு. மனுசன் இருமிக்கிட்டே குடிக்காரு. அதுவும் நான் சுத்துன பீடி." "அப்பம் எதுக்குக்கா என்னைய அங்க கூட்டிட்டுப் போனிய?" "நீ அழுத. ஒன்னைய வேற எங்க கூட்டிட்டுப் போவேன்?" தூறல் விழுந்தது. அக்கா தட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பாலத்தில் ஏறி நடந்துவிட்டாள்.

நீ அழுத. இது என்ன பதில்? யோசிக்க யோசிக்க அதில் ஒரு பிடியும் கிடைக்கவில்லை. சந்தேகப்படுவதற்குக்கூட ஒரு விளிம்பு வேண்டும், இதில் விளிம்பே இல்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி வந்தாள். பரணில் வைத்தால் மைனி கண்ணுக்குத் தப்பாது, அவள் முதலில் பார்ப்பது பரணைத்தான். கட்டிலுக்கடியில் சாமியை வைக்கக் கூடாது. கடைசியில் அரிசி டிரம்மைத் திறந்து, சேலையில் சுற்றினபடியே மூன்று பேரையும் உள்ளே இறக்கி, மேலே அரிசியைத் தள்ளி மூடி, மூடியைக் கையால் தட்டி இறுக்கினாள். இனி சபையார் வந்து, இந்த வீட்டில் வேறு யாரும் இல்லை என்று கர்த்தரிடம் சொல்வார்கள். அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தால் கோபம் வரும். கோபம் வந்தால் யார் மேல் வரும், தன் மேல் வராது, புருஷன் மேல் வரும், அவர் வாயின் மேல் வரும். அம்மனுக்கும் கோபம் வரும், அரிசிக்குள் புதைத்ததற்கு. தான் ஒரே சமயத்தில் எல்லாரையும் ஏமாற்றுகிறோம் என்று தோன்றியது. புருஷனைப் பொடியால், கர்த்தரை அரிசியால், அம்மனைச் சபையால், லெப்பையை இன்னும் அறுக்காத நூலால். ஏமாற்றித்தான் எதுவும் கிடைக்கிறது என்றால், கொடுக்கிறவர் எப்படிப்பட்டவர்? பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். வெள்ளன வருகிறேன் என்றால் பாங்குக்கு முன்னால் வந்துவிடுவார். ஃபோன் போட்டாள். அடித்து அடித்து நின்றது. மழைக்கு எங்கேயாவது ஒதுங்கியிருப்பார். மழைக்கு எங்கே ஒதுங்குவார்? கடையிலிருந்து வருகிற வழியில் கூரை போட்ட இடம் ஒன்றுதான் இருக்கிறது, அதன் வாசலில் எப்போதும் கூட்டம். மழை நாளில் கூட்டம் அதிகம். மழைக்காகத்தான் ஒதுங்கினேன் என்று எத்தனை வருஷம் சொல்லியிருக்கிறார். புஷ்பம் கல்யாணத்தன்று மழையே இல்லை. அன்றைக்கும் ஒதுங்கிவிட்டுத்தான் வந்தார். மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் அவர் தடுமாறி விழுந்து, பாயச வாளி கவிழ்ந்து, சம்பந்தியம்மாளின் பட்டுச்சேலை நிறையப் பாயசம். மணவறையிலிருந்து புஷ்பம் பார்த்தாள். அழவில்லை. அப்பாவைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தாள், நீ என்ன பண்ணிக்கொண்டிருந்தாய் இத்தனை வருஷம் என்பதுபோல. அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லத்தானே தீச்சட்டி, நூல், பொடி, சபை எல்லாம். வெள்ளிக்கிழமை அந்தக் கண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து இந்த வாசலில் நிற்கும். தன் கையாலேயே கெடுத்துக்கொண்டேன், ஒரு சாம்பாருக்காகக் கெடுத்துக்கொண்டேன், சாமியைச் சோதித்தேன், சோதிக்கப்படாது என்று எல்லாச் சாமியும் சொல்கிறது, அதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே பேச்சு. பீடி சுற்ற உட்கார்ந்தாள். நூல் கையில் நிற்கவில்லை.

வண்டிச் சத்தம் கேட்டது. வண்டி நின்ற சத்தத்தில், ஸ்டாண்டு போட்ட சத்தத்தில், செருப்பைக் கழற்றின சத்தத்தில் என்ன இருக்கிறது என்று காதைக் கொடுத்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. உள்ளே வந்தார். தலையும் சட்டையும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பையை வாங்கப் போனாள், நெருங்கினாள், மூச்சை இழுத்தாள். மழை, வியர்வை, வார்னிஷ். வார்னிஷுக்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கிறதா? இன்னொருதரம் இழுத்தாள். அவர் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"எங்க வச்ச?"

பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அரிசி டிரம்மைப் பார்த்துவிட்டாள். அவரும் அந்தப் பக்கம் பார்த்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. அப்புறம், "என்ன, ஊதணுமா? ஊதுதேன், பாரு" என்று போலீஸ்காரனுக்கு முன்னால் குனிவதுபோல் குனிந்து அவள் முகத்துக்கு நேராக ஊதினார். தேத்தண்ணி வாசனை. சாம்பார் வெங்காய வாசனை. வேறு ஒன்றும் இல்லை. செல்லக்கனி அப்போதுதான் பையை வாங்கினாள். இத்தனை மாதமும் பை வாங்குகிற சாக்கு இவருக்குத் தெரிந்தா இருந்தது?

"ஃபோன எடுத்திருக்கலாம்லா."

"மழைக்குள்ள வண்டி ஓட்டிட்டு எப்படி எடுக்க? வாய்க்கா ரோட்டச் சுத்தி வந்தேன்."

"அது எதுக்குச் சுத்தி? நேர் வழியா வந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். நேர் வழியில்தான் அந்தக் கூரை.

"இன்னைக்கு அந்த வழியா வர ஒருமாதிரி பயமா இருந்திச்சு."

"இன்னைக்கு என்ன?"

"நீ பொடி போடலயே."

மழைச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. எந்தப் பொடி என்று கேட்டாள்.

"பெருங்காய டப்பாவுல வச்சிருக்கியே, அது."

"எப்பம் தெரியும் ஒங்களுக்கு?"

"மொதநாளே தெரியும். பாகக்கா அப்படியாட்டி கசக்கும்? நாக்குல வச்சதுமே தெரிஞ்சிட்டு."

"தெரிஞ்சுமா தின்னிய?"

"சோத்த வட்டிச்சு வச்சிட்டு எம் மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருக்க. திங்காம என்ன செய்ய?"

தின்கிற ஆளுக்குத் தெரிந்துவிட்டால் மருந்து வெறும் மண். அப்படியானால் பங்குனியிலிருந்து இவர் தின்றது மண். அப்படியானால் பொடி இல்லை. ஆனால் மண்ணைப் போடாத அன்றைக்கு பயந்துபோய் ஊரைச் சுற்றி வந்திருக்கிறார். அப்படியானால் பொடிதான். இல்லை, பயம்தான். பயத்தைக் கொடுத்தது யார், சுற்றுவழியைக் காட்டினது யார்? சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்து நின்றது மனசு. "அப்பம் நிறுத்துனது யாருங்க?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள். அவர் நனைந்த சட்டையைக் கழற்றி, பிழிந்து, உதறி, எங்கே போடலாம் என்று பார்த்து, முத்தாரம்மன் இருந்த ஆணியில் மாட்டினார். "எனக்கு என்னட்டி தெரியும்? இன்னைக்கு நிக்குது. காப்பி போடு, குளுருது."

அடுப்பைப் பற்ற வைத்தாள். பால் பொங்கியது. டம்ளரில் ஊற்றி, காப்பித்தூளும் சீனியும் போட்டாள், கை பழக்கத்தில் மஞ்சள் டப்பாவுக்குப் பின்னால் போனது. டப்பாவோடு திரும்பினால் அவர் அடுப்படி வாசலில் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு நிற்கிறார். அவள் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் டப்பாவைப் பார்த்தார். அவள் மூடியைத் திறந்து, அவர் பார்க்கப் பார்க்க ஒரு சிட்டிகை எடுத்து, காப்பியில் போட்டு ஆற்றினாள். வைத்தியர் கேட்டால் சிரிப்பார். அவர் வாங்கி, நின்றபடியே மடமடவென்று குடித்தார். கடைசி மடக்கில் முகம் கோணியது. "கசக்கு" என்றார். டம்ளரைத் திட்டில் வைத்துவிட்டு வேட்டி மாற்றப் போனார்.

தெருவில் தப்பட்டைச் சத்தம்போல் லேசாக டேம்பரின் கேட்டது. மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு பாடிக்கொண்டே வருகிறார்கள். "ஏட்டி கனி, கதவத் தொற" என்று எஸ்தர் மைனி குரல், அதற்கு அடியிலேயே மெதுவாக, அவசரமாக, "தம்பி வந்துட்டானா? வந்துட்டானா?" என்று இன்னொரு குரல், அதுவும் மைனிதான். "வந்துட்டாவ மைனி" என்று உள்ளிருந்தே சொன்னாள். கதவுக்குப் போகிற வழியில் அரிசி டிரம்முக்கு முன்னால் கால் நின்றது. இறுக்கி வைத்திருந்த மூடியைக் கொஞ்சம் நெகிழ்த்தி வைத்தாள். தெரியாது என்று நினைத்த ஒரு ஆளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது, தெரிந்துகொண்டே தின்றிருக்கிறார். இனி யாருக்கு என்ன தெரியாது என்று சொல்ல முடியும்? "ஏட்டி, நனையுதோம்" என்றாள் மைனி. "வாரேன், வாரேன்" என்று சொல்லிக்கொண்டே, பின்னால் யாரும் பார்க்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, திட்டிலிருந்த டம்ளரை எடுத்தாள். அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. இந்தப் பொடியை வாங்கின நாளிலிருந்து ஒருதரம்கூட அவள் வாயில் வைத்துப் பார்த்ததில்லை. அண்ணாந்து நாக்கில் விட்டாள். கசப்பு தொண்டை வரைக்கும் இறங்கி, காதடைத்து, கண்ணில் நீர் வந்தது. இதையா. இத்தனை மாதமும் இதையா. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தாள்.